கேள்வி எண் நான்கு

நேற்று வூப்பர்டாலில்
தொங்கு ரயில் நிலையம்.
கையில் சொடுக்கும் கருவி.
எண்ணலாம், பேசக் கூடாது.
நீலக் கோட்டுக்காரி
கடைசிப் படிவரை வந்து
திரும்பிப் போனாள்.
கட்டைவிரல் அதற்குள்
அழுத்திவிட்டிருந்தது.

இன்று நான்காம் மாடி, நனைந்த படிவம்.
கேட்கலாம், பார்க்கக் கூடாது.

"வீட்டில் எத்தனை பேர்?"
"ஒருவர்" என்றார் ஹோல்ட்காம்ப்.
அவர் தோளுக்குப் பின்னால்
மேசையில் இரண்டு தட்டுகள்,
ஒன்றில் சூப்பின் ஆவி,
ஒன்று கவிழ்த்து வைத்தது.

சொன்னதை எழுது என்பதுதான் பயிற்சி.
1 என்று எழுதினேன்.
பேனா மூடிதான் சட்டென்று மூடவில்லை.

பத்து நாள் கழித்து
மறுசோதனைக்குத் தொலைபேசினேன்.
எடுத்தது பெண்குரல்.
"அவர் ரொட்டி வாங்கப் போயிருக்கிறார்."
"நீங்கள்?"

படிவத்தில் இல்லாத கேள்வி.

அந்தப் பக்கம்
ரயில் வளைவில் திரும்பும் கிறீச்சொலி
மட்டும் கேட்டது
நெடுநேரம்.