வழுக்கையாற்றுக் கட்டில் அரை மணி நேரம்

பள்ளத்தாக்கு என்றால் சிரிப்பார்கள்.
தோசைக்கல் போலத் தட்டையான ஊர் இது.
எந்தக் காணி எதைவிட அரை விரல் பதிந்ததென்று
மழைக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும்.
மழை வருஷத்துக்கு மூன்று மாதம் அளக்கும்,
இவர் முப்பத்தொரு வருஷம் அளந்தவர்,
நில அளவைத் திணைக்களத்துச் சங்கிலியோடு.

நெஞ்சுக்குள் ஒரு கம்பிச்சுருள் வைத்து இன்றைக்குப் பதினெட்டு நாள்.
டொக்டர் துண்டில் எழுதித் தந்தது:
அரை மணி நேரம். சமதரை. தனியே வேண்டாம்.

ஆகவே நான்.

சண்டிலிப்பாய் மதகடியில் ஸ்கூட்டியை நிறுத்தி
ஹெல்மெட்டைக் கண்ணாடியில் கொழுவினேன்.
தை பிறந்து ஒன்பது நாள். தண்ணீர் இன்னும் நிற்கிறது,
ஓடுகிறதா என்று பார்க்க
ஒரு பூவரசம் இலையைப் போட்டார்.
இலை யோசித்து யோசித்துப்
பிறகு அராலிப் பக்கம் திரும்பியது.
"பார்த்தியே, சரிவு இருக்கு."
பார்த்தேன் என்றேன். எனக்குத் தெரிந்தது இலை மட்டும்.

கட்டு ஒரு ஆள் அகலம்.
சோடியாய் நடந்தால் ஒருவர் நெல்லுக்குள்.
இவர் முன்னால், நான் பின்னால்,
சேட்டின் முதுகில் வியர்வை எங்கே தொடங்குகிறதென்று
பார்த்துக்கொண்டு.
வலப்பக்கம் அல்லி, அதற்குள் ஒரு சோடாப் போத்தல்.
மின்கம்பியில் மீன்கொத்தி.
தூரத்தில் அறுவடை மெசின் தொண்டையைச் செருமுகிறது.

பன்னிரண்டாம் நிமிஷம் நின்றார்.
"ஏற்றமாய்க் கிடக்கு."
நான் தண்ணீரைப் பார்த்தேன்: எங்களோடுதான் போகிறது.
தண்ணீர் போகிற பக்கம் ஏற்றமில்லை
என்று இந்த மனிதருக்கு நான் சொல்ல வேண்டுமா?
சொல்லவில்லை.
கையைப் பிடித்து நாடி எண்ணினேன், தொண்ணூற்றாறு.

"திரும்புவமே" என்றார்.
இது வட்டம், நாங்கள் அரைவாசியில் நிற்கிறோம்,
திரும்பினாலும் அவ்வளவு தூரம், போனாலும் அவ்வளவு தூரம்.
சொன்னதும் எனக்கே வயிற்றுக்குள் ஏதோ செய்தது.
இவர் சிரித்தார். கணக்குப் பிடித்துவிட்டது.

அப்போது வயலுக்குள்ளிருந்து, மண்வெட்டியோடு,
"சேவையர் ஐயாவே?" என்று ஒரு குரல்.
அம்பலவி. எண்பத்திரண்டில் இவரோடு சண்டை பிடித்தவராம்.
"என்ர எல்லைக்கல்லை ஒன்றரை முழம் உள்ளுக்குத் தள்ளிப் போட்டது
நீங்கள்தானே."
"கல்லு சரியான இடத்திலதான் இருந்தது."
"இல்லை."
"இருந்தது."
இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

பிறகு அவர் புல்லைக் காலால் விலக்கினார்.
கல் அங்கேயே.
உரப்பை ஒன்றை நாலாய் மடித்து அதன்மேல் போட்டு
"இருங்கோ ஐயா, முகம் வெளிறிக் கிடக்கு" என்றார்.
இவர் இருந்தார்.
யாருடைய காணியில் என்று யாரும் கேட்கவில்லை.
போத்தல் தண்ணீர் இரண்டு மிடறு. எண்பத்தெட்டு. எண்பத்திரண்டு.
அம்பலவியும் குந்தியிருந்து
தன் பித்தப்பைக் கதையைச் சொன்னார்,
கல் அதற்குள்ளும் இருந்ததாம்.

இரண்டாம் மதகைக் கடந்தால் மறுகரை.
அங்கே கட்டு உடைந்திருக்கிறது,
வரப்பால் இறங்கி, கிளுவை வேலி ஒழுங்கைக்குள் ஏறி,
நாய் ஒன்று எழும்பாமலே குரைக்கும், பயப்பட வேண்டாம்.
வழியில் ஒருதரம்கூட இவர் நிற்கவில்லை.
தண்ணீருக்கு எதிராய்த்தான் நடந்தோம்,
இவர் கணக்கில் இதுதான் உண்மையான ஏற்றம்.

ஸ்கூட்டியின் நிழல் இடம் மாறி
மதகுச் சுவரில் ஏறியிருந்தது.
அரை மணி அல்ல, ஐம்பத்திரண்டு நிமிஷம்.
ஹெல்மெட்டுக்குள் கட்டெறும்பு.
தட்டிவிட்டு நிமிர்ந்தால் இவர் மதகில் சாய்ந்து நிற்கிறார்,
கையில் இன்னொரு இலை.

"அந்தக் கல்லு" என்றார்,
"ஒரு சாண் பிசகித்தான் கிடக்கு.
அவனுக்குச் சொல்லாதே."