மூன்றாம் பூச்சு காயும்வரை

பதினொரு வருடம் கம்பளத்தின் மேல் நடந்தோம்.
அடியில் ஓக் மரம் என்பது
அலுமாரி நகர்த்திய அன்றுதான் தெரிந்தது.
மூலையைத் தூக்கினால் நாய் மணத்தது.
நாங்கள் நாய் வளர்த்ததில்லை.

விலை கேட்க மூன்று பேரைக் கூப்பிட்டோம்.
முதலாமவன் சிவப்பு ஒளியால் சுவரைத் தொட்டு
குனியாமலே கணக்குச் சொன்னான்.
இரண்டாமவர் எங்கட ஆள், பார்ட்டன் வீதியில் கடை.
‘இதைப் போய் ஏன் அண்ணை உரஞ்சுறியள்,
மேலால லாமினேட் அடிச்சு விடுவம்’ என்று
தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாமவர் டுவார்ட்டே.
வந்ததும் முழங்காலில் இருந்தார்.
சூடுகாற்று வரும் துளையின் இரும்பு மூடியைக் கழற்றி
பலகையின் வெட்டுமுகத்தோடு
இருபத்தைந்து சதக் குற்றியைப் பிடித்துப் பார்த்தார்.
இன்னும் ஒருமுறை உரிக்கலாம்,
அதற்குமேல் போனால் ஆணி பல்லைக் காட்டும் என்றார்.

சதுர அடிக்கு நாலரை டாலர். பாதி முன்பணம்.
தூசியே வராது என்று சொல்பவனை நம்பாதே என்பதும்
அதே மூச்சில்.
கடைசிப் பூச்சுக்குப் பிறகு மூன்று இரவு
யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது.
இதை இரண்டு தரம் சொன்னார்:
எனக்கு ஒரு தரம்,
சுகிர்தாவுக்கு ஒரு தரம்.

நாலு நாள் இயந்திரம் அலறியது.
மூடி திறக்காத சீனிப் போத்தலுக்குள்ளும் மரத்தூள்.
கறுப்பு வழிந்து, பழுப்பு வழிந்து,
தேன் நிறத்தில் ஒரு மரம்
ஹமில்டனின் ஒக்டோபர் வெளிச்சத்தில்
எங்களுடையதில்லைப் போலக் கிடந்தது.

ஸ்டோனி கிரீக்கில் அவளின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டு நிலவறை.
நடுவில் பிளக்கும் சோபாக் கட்டில்.
என் வேலை இரவில், அவளுக்கு விடிய ஐந்துக்கு.
ஒரே போர்வையை மாறி மாறிச் சூடாக்கினோம்.

இரண்டாம் இரவு, வேலைக்குப் போகும் வழியில்
காரைத் திருப்பினேன்.
சீனி வருத்தக் குளிசை எடுக்க என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
குளிசை சட்டைப் பையில் இருந்தது.
பின்கதவைத் திறந்து, பழக்கதோஷத்தில்
சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன்.
திருடப் போனவன் வாசலில் கால் கழுவிய கதை.
சுவரோரம் நாலு எட்டு.
தெருவிளக்கு தரையில் நீளமாகப் படுத்திருந்தது.
கடன் தொகை முழுவதையும் ஒருதரம் மறந்தேன்.

நாலாம் நாள் டுவார்ட்டே கூப்பிட்டுக் காட்டினார்.
குசினி வாசலில், மேல் பூச்சில்,
ஐந்து விரலும் குதிக்காலும்.
தேய்த்துவிட்டு மறுபடி பூசலாம்,
நூற்றைம்பது டாலர், இன்னும் மூன்று இரவு.
‘வேண்டாம்’ என்றேன்.
‘வேண்டாம்’ என்றாள் அவளும்,
நான் சொல்லி முடிக்குமுன்னே.
அவர் என் காலைப் பார்த்தார்.
அவள் காலையும் பார்த்தார்.
மிச்சக் காசோலையை நாலாய் மடித்துப்
பையில் வைத்துக்கொண்டு போனார்.

கம்பளத்தைக் கழற்ற அவ்வளவு செலவழித்த வீட்டுக்கு
அந்தக் கிழமையே ஒரு சின்னக் கம்பளம் வாங்கிவந்தாள்.
குசினி வாசலுக்கு.
எனக்காக மறைக்கிறாள் என்று நினைத்து
பாத்திரமெல்லாம் நானே கழுவினேன், இரண்டு மாதம்.

தை மாதம், பின்னேரம் நாலு மணி.
தாழ்ந்த வெயில் குசினிவரை வந்தது.
கம்பளம் உதறப் போனவன்
அந்தத் தடத்தில் என் காலை வைத்துப் பார்த்தேன்.
பெருவிரல் வெளியே நின்றது.
குதியும் வெளியே.

‘அங்க என்ன செய்யிறியள்?’ மேலேயிருந்து குரல்.
‘ஒண்டுமில்லை’ என்றேன்.

கம்பளத்தை இருந்த மாதிரியே விரித்து,
விளிம்பைப் பலகைக் கோட்டுக்கு நேராக்கினேன்.
தொட்டியில் பாத்திரம் கிடந்தது.
கிடக்கட்டும்.