கொள்ளளவு

புதுவயல் ஆலையில் இந்த மடிக்கணினி
கண் விழிக்க ஏழு நிமிடம்.
அதற்குள் நேற்றைய எடைச்சீட்டுகளை அடுக்கி,
டீ குடித்து,
குருணை கேட்டு வந்தவருக்கு விலை சொல்லி
அனுப்பியும் விடுவேன்.

எஸ்எஸ்டி வாங்க மூவாயிரம் தந்தார் முதலாளி.
மீதியைக் கொண்டு வா என்றார்,
மீதி இருக்கும் என்ற நம்பிக்கையில்.

காரைக்குடி, செக்காலை, மாடிக் கடை.
ஜெசிந்தா பின்மூடியைக் கழற்றினாள்.
விசிறியில் அரை விரல் தவிடு.
"கோழிக்குப் போடலாம்க்கா."

படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்:
சூயிங்கம் பட்டை போல ஒன்று, மின்னல் வேகமாம்.
"அதைச் செருக இதில இடமே இல்லக்கா.
சாட்டாதான். சீட்டுக்கட்டு அளவு.
அதிலயும் ரொம்ப ஒசத்தி வேண்டாம்,
வாசல் குறுகல்,
எவ்வளவு வேகமா வந்தாலும் வரிசையில நிக்கணும்."

பிறகு கேட்டாள்:
இருநூத்தி நாப்பதா, ஐந்நூறா?
உள்ளே எவ்வளவு வச்சிருக்கீங்க?

நூற்றெண்பத்தேழு.
அதில் என்னுடையது முப்பதுகூட இல்லை.
மற்றதெல்லாம் வயிரவனுடையது.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர்,
ஒரு தை மாதம் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவர்.
பார்த்ததில்லை.
மகளின் எரிமலைத் திட்டம் தெரியும், ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு.
ஓசூருக்கும் கோவைக்கும் எழுதிய விண்ணப்பங்கள் தெரியும்:
கடைசி,
கடைசி 2,
உண்மையிலேயே கடைசி.
அப்புறம் நூறு ஜிபிக்கு மழை.
நெற்களத்தில் பெய்த மழை மட்டும்.
தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஆட்கள் ஓடுகிறார்கள்,
"வயிரவா, பிடிடா!" என்று ஒரு குரல்,
படம் பிடிப்பவர் அசையவில்லை.

"கால்பங்கு காலியா விடணும்க்கா,
இல்லாட்டி இதுவும் மூச்சு வாங்கும்.
வேண்டாததை அழிச்சிட்டா சின்னதே போதும்.
ஆயிரத்து முந்நூறு மிச்சம்."

திருகாணிகளை அவள்
ஒரு மூடிக்குள் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தாள்.
ஏழு. ஒன்று முன்பே காணாமல் போயிருந்தது.

ஐந்நூறு என்றேன்.
மூவாயிரத்து இருநூற்றைம்பது.
குறைந்ததை என் பையிலிருந்து எடுத்தேன்.

பேரேட்டில் எழுதியதைப் பார்த்தார் முதலாளி:
வயிரவன் வகையில் பற்று.
"அவன் இன்னுமா இங்க இருக்கான்?"

பதினான்கு நொடி இப்போது.
டீயை எங்கே வைப்பது என்று பார்ப்பதற்குள்
திறந்து கிடக்கிறது.