ஊதல்

வெய்யோ என்று அவனுக்குப் பெயர்.
ஓர் ஒற்றைச் சேர்த்தால் நமக்குச் சூரியன்.
இவலோவில் டிசம்பர் மாதம்
சேர்ப்பதற்கு ஒன்றும் கிடைக்காது.
பகல் பதினொன்றுக்குக் கொஞ்சம் நீலம் கசியும்,
பிறகு அதுவும் ஷிப்ட் முடிந்ததுபோல் போய்விடும்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் டாக்ஸி அவனுடையது.
பின்லாந்துச் சட்டப்படி
ஸ்டியரிங் ஓரம் ஒரு கருவி தொங்கும்.
குழாயில் ஊத வேண்டும்.
மூச்சு சுத்தமென்றால்தான் வண்டி உறுமும்.
நானூற்றுப் பன்னிரண்டு நாள்
ஊதுவது சீட்டியடிப்பதுபோல் ஆகியிருந்தது.
பச்சை எரிந்ததும் கருவியிடம் நன்றி சொல்வான்,
முதலில் விளையாட்டாக,
பிறகு விளையாட்டில்லாமலும்.

ஏன் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை.
யாரும் சாகவில்லை. சண்டை இல்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை.
டயர் மாற்றிய கை க்ரீஸோடு,
அரசுக் கடை மூடப் பத்து நிமிடம் இருக்கையில்
கால் உள்ளே போயிற்று.
"விருந்தாளிகள் வருகிறார்கள்" என்றான்.
காசாளப் பெண் எதுவும் கேட்டிருக்கவில்லை.

காபிக் கோப்பையில் ஊற்றினான்.
கோப்பை என்பதால் அது குடி இல்லை.
கழுவிக் கவிழ்த்துவைத்தான்
மனைவி ஹில்காவின் கோப்பைக்குப் பக்கத்தில்,
காது இரண்டும் ஒரே திசை பார்க்க.

பிறகு கணக்கு.
பள்ளியில் கணக்கில் தோற்றவன்
இரவெல்லாம் கழித்தான், வகுத்தான்:
எட்டுக்கு நிறுத்தினால் ஆறுக்குள் கரையும்.
ஒன்பதுக்கு நிறுத்தினால் ரொட்டியும் தண்ணீரும்.
பத்துக்கு நிறுத்தினால்
நிறுத்தினால் என்ற இடத்தில்தான்
தினமும் கணக்கு உதைத்தது.

மூன்று வாரம் பச்சையே எரிந்தது.

இன்று பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு பாகை.
எஞ்சினைச் சூடாக்கும் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு
உட்கார்ந்தான். ஊதினான்.
சிவப்பு.
இறங்கி, பனியை அள்ளி வாயில் போட்டுக்
கொப்பளித்துத் துப்பிவிட்டு
ஊதினான்.
சிவப்பு.
ஐந்து நிமிடம் பொறுக்கவும் என்றது திரை,
வங்கிக்காரர் மரியாதையோடு.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஆற்று வளைவில்
ஐலு நின்றிருப்பான். எட்டு வயது.
கோட்டில் நூல்கட்டித் தொங்கும் ஒளிவில்லை.
ஹெட்லைட் பட்டால்தான்
அங்கே ஒரு பையன் இருப்பதே தெரியும்.

வீட்டுக்குள் போய் மகனை எழுப்பினான்.
ஜால்மரிக்குப் பதினைந்து.
"சின்ன உதவி. வண்டிக்குள் வந்து ஒரு மூச்சு விடு."
படி இறங்கும்போது சேர்த்துக்கொண்டான்:
"அம்மாவிடம் மூச்சு விடாதே."

பையன் கையுறையைக் கழற்றி
குழாயை வாங்கிப் பார்த்தான்.
நுனியில் அப்பாவின் எச்சில் உறையத் தொடங்கியிருந்தது.
ஒருகாலத்தில் பலூன்களை
"எனக்கு வரல, நீ ஊது" என்று
நீட்டிக்கொண்டு வந்தவன் அவன்.

கருவியை அதன் கொக்கியில் திரும்ப மாட்டினான்.
ஒன்றும் சொல்லவில்லை.
கொட்டகையிலிருந்து உதைசறுக்கை இழுத்து
ஒரு காலை அதில் ஊன்றி, மறுகாலால் உந்தி
ஆற்றுப் பக்கம் போனான்,
சின்னவன் இருட்டில் தனியாக நிற்கக் கூடாதென்று.

கதவைச் சாத்திக்கொண்டான் வெய்யோ.
அவன் விட்ட மூச்செல்லாம்
கண்ணாடியின் உட்புறம் ஏறி இறகிறகாய் உறைந்தது.
நகத்தால் சுரண்டி ஒரு காசளவு ஓட்டை செய்தான்.
சறுக்கின் கோடு இரண்டு, அப்புறம் இருட்டு.
எட்டுக்கு ஹில்கா முதியோர் இல்லத்தில்
இரவுப்பணி முடித்து வருவாள்.
எட்டு, மறுபடியும்.

கருவி கூவியது. ஐந்து நிமிடம் ஆயிற்றாம்.
அப்போதுதான் பக்கத்து இருக்கையில் பார்த்தான்,
பையன் விட்டுப்போன கையுறைகளை.
உள்ளே விரல் விட்டான். இன்னும் கொஞ்சம் சூடு.

இரண்டு கிலோமீட்டர்.
இந்தப் பனியில், இந்தக் காலோடு
நடந்தால் எத்தனை நிமிடம் என்று
கணக்குப் போட்டான்.