கடத்தல்

ஸ்ரான்லி வீதி போட்டோக்கொப்பிக் கடையில்
பகலில் வேலை.
இரவில் இரண்டாம் முறைப் பரீட்சைக்குப் படிப்பு.
இந்த வருசம் யார் எந்த உதாரணம் எழுதுவார்கள் என்று
யாழ்ப்பாணத்தில் முதலில் தெரியவருவது
எங்கள் மெசினுக்குத்தான்.

பஸ்டில் சிறை, நாற்பது பிரதி.
பிஸ்மார்க், சிறிதாக்கி, இரண்டு பக்கமும், அறுபது.
ஹிரோஷிமா மங்கலாக விழுந்துவிட்டதென்று
திருப்பிக் கொண்டுவந்தாள் நிலோஜினி.
இன்னும் கறுப்பாக எடுத்துக் கொடுத்தேன்.
இடையில் அம்மாவின் அடையாள அட்டை,
ஏதோ விண்ணப்பத்துக்கு.
தவமலர். பெண். ஒரேயொரு பிரதி.

அருமைத்துரை சேர் சொல்லுவார்:
"ஆண்டு, இடம், பெயர்.
மூண்டும் இருந்தால்தான் உதாரணம்.
இல்லாட்டி அது கதை.
கதைக்குப் புள்ளி இல்லை."
பிறகு குரலைத் தாழ்த்தாமலே,
"தூரத்து உதாரணமாப் பாத்து எடுங்கோ பிள்ளையள்.
திருத்திறவருக்கு ஒண்டும் சுடாத தூரம்."

பயிற்சி வினாத்தாளில் ஆறாவது கேள்வி:
பொருளாதாரத் தடை
சாதாரண மக்களின் வாழ்வை எவ்வாறு மாற்றியது?

அம்மா சூடைமீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள்.
கேட்டேன்.
"சவுக்காரம் இல்லை. பனம்பழத்தில உடுப்புத் தோய்ச்சம்.
அந்த மணத்துக்கு
கொடியில கிடந்த பாவாடையை
மாடு வந்து சப்பிப்போட்டுது.
பள்ளிக்கூடம் போக எனக்கு இருந்ததே ரெண்டு."
சிரித்தாள். செதில் ஒன்று கன்னத்தில் ஒட்டியிருந்தது.

எந்த ஆண்டு?
"சின்னமாமா சைக்கிளைக் கவிட்டு வைச்சு
டைனமோவில ரேடியோ கேட்ட வருசம்."
அது எந்த ஆண்டு?
"ஜாம் போத்தல் விளக்கில படிச்ச வருசம்.
எல்லாம் ஒரே வருசம் மாதிரித்தான் கிடக்கு."
பேனையைக் கண்டதும் சிரிப்பு நின்றது.
"உதெல்லாம் எழுதப்போறியோ?
வேறை நாட்டைப் பற்றி எழுது."

வேறு நாட்டைப் பற்றியே படித்தேன்.
நெப்போலியன். பேர்லின் பிரகடனம். 1806.
ஆண்டு இருந்தது, இடம் இருந்தது,
பெயரோ குதிரையில் ஏறியே இருந்தது.

பரீட்சை மண்டபத்தில் ஒரு மின்விசிறி சுற்றவில்லை.
கேள்வி வந்தது, ஏறக்குறைய அதே சொற்களில்.
பிரித்தானியப் பொருட்கள் ஐரோப்பாவுக்குள் வரக்கூடாது, எழுதினேன்.
துறைமுகங்கள் வெறிச்சோடின, எழுதினேன்.
கரும்புச் சீனி கிடைக்காதபடியால்
பீட்ரூட்டில் சீனி காய்ச்சினர், எழுதினேன்.
அடுத்த வரியைக் கை எழுதியது:
அதுவும் கிடைக்காதவர்கள்
பனங்கட்டியைக் கடித்தபடி தேத்தண்ணி குடித்தனர்.

நிமிர்ந்து பார்த்தேன்.
மேற்பார்வையாளர் யன்னலோரம் நின்று
கொட்டாவி விட்டார்.

நான்காவது விளைவு:
தடை இருந்த கரையெல்லாம் கடத்தல் பெருகியது.
அடிமட்டம் வைத்து அடிக்கோடிட்டேன்.
அதன் கீழே
சான்றாக, பாரிஸ் நகரில், 1806இல்,
கொடியில் காய்ந்த பள்ளிப் பாவாடை ஒன்றை
மாடு தின்றது.
பாவாடைக்குரியவரின் பெயர் தவமலர்.

இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.
வெட்டுவதற்கு ஒரு கோடு போதும்.
அடிமட்டமும் கையில்தான் இருந்தது.

நூல் கேட்டுக் கையை உயர்த்தினேன்.