காபிக் கறை பட்ட ரசீது

கல்லின் எடை நூற்றெண்பது கிலோ.
ரசீதில் மிரேய் எழுதியிருந்தாள்:
பெயர், வில்நவ். ஊர், வில்நவ். இடம், வில்நவ் மடாலயம்.
மாவட்ட எண் இருக்க வேண்டிய கட்டத்தில்
காபிக் கறை.

வண்டியின் வழிகாட்டிக் கருவியில் தட்டினேன்.
வந்துகொண்டே இருந்தன வில்நவ்கள்:
ஆற்றோரத்தது, மலையடியது, பாதிரியாருடையது,
வால் ஒட்டாத வெறும் வில்நவ்.
புதூர் என்றுதான் அர்த்தம்.
எண்ணூறு வருஷமாகப் புதூர்.

முதல் வில்நவில் சந்தை நாள்.
ஊராட்சி மன்றத்துக் கண்ணாடிக்குப் பின்னிருந்த பெண்
பதிவேட்டைத் திறக்கவேயில்லை.
"அந்தப் பெயரில் இங்கே யாருமில்லை,
இருக்கவும் மாட்டார்கள்.
ஊரிலேயே கிடப்பவனை
ஊர்ப்பெயர் சொல்லி யார் கூப்பிடுவது?
கிளம்பிப் போனவன்தான்
போன இடத்தில் வில்நவ் ஆவான்."
பிறகு, வந்ததற்குப் பாலாடைக்கட்டியாவது வாங்கிப் போ என்றாள்.
வாங்கினேன்.
கல்லுக்கும் எனக்கும் நடுவே
நாளெல்லாம் நாறிக்கொண்டு வந்தது.

இரண்டாவது வில்நவில் மடாலயம் இருந்திருக்கிறது.
இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

மூன்றாவதற்கு முன் மிரேய்
ஒருவழியாகப் போனை எடுத்தாள்.

மாலை ஆறு. மழை விட்டிருந்தது.
ஒரு வளைவு, ஒன்றரைச் சுவர்,
சரிவில் இன்னும் ஆள் புதைக்கிற சின்னக் கல்லறைத் தோட்டம்.
திருமதி வில்நவ் நீல மழைக்கோட்டில் நின்றிருந்தார்.
உங்கள் கணவருக்குப் பூர்வீகம் இதுதானா என்றேன்.

"அவர் லீல் நகரத்தில் பிறந்தவர்.
அப்பாவும் லீல். தாத்தாவும் லீல்.
அதற்கு மேலே தெரியாது.
சாலை வரைபடத்தைச் சமையல் மேசையில் விரித்தார்,
வில்நவ் ஒவ்வொன்றுக்கும் வட்டம் போட்டார்,
கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை ஊன்றினார்.
அது ஓர் ஏரியில் விழுந்தது.
ஏரிக்குப் பக்கத்து ஊர் இது."

கல்லை நட்டோம், நானும் குழிவெட்டி பஸ்தியானும்.
முதற்பெயர் வேண்டாம், தேதி வேண்டாம் என்று
சொல்லிவிட்டுப் போனாராம்.
பத்து எழுத்து. அவ்வளவுதான்.

சைக்கிளில் வந்த ஒரு ஜோடி
சுவரோரம் இறங்கியது.
அவன் வளைவைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான்.
"இதுதானே வில்நவ்?"
"இவர்தான்" என்றார் திருமதி.

அவனுக்குக் காதில் விழவில்லை போலும்.
மனைவியைக் கல்லோரம் நிறுத்திப் படம் எடுத்தான்.
இவர் ஓரடி நகர்ந்து இடம் விட்டார்.

ரசீதை நீட்டினேன்.
கறையைத் தாண்டி, கீழே,
அதே பத்து எழுத்தை
நிதானமாகப் போட்டுக் கொடுத்தார்.