கொசுறு

எல் ஆல்டோவின் வியாழக்கிழமைச் சந்தையில்
வேண்டியதை முதலில் கேட்கக் கூடாது.
நான் ஹாரன் கேட்டேன்.
எழுபது என்றான்.
எழுபதா, என்று அதைக் கீழே வைத்தேன்,
கை சுட்டதுபோல.
பிறகு ஒரு பக்கக் கண்ணாடி.
பிறகு, எதற்கென்றே எனக்குத் தெரியாத
ஒரு பித்தளை வளையம்.
அவன் சொன்ன விலைக்கெல்லாம் உதட்டைப் பிதுக்கினேன்.
பையனுக்கு இருபது வயதிருக்கும்.
குளிரில் கன்னம் வெடித்து,
கையில் பாதி தின்ற உருளைக்கிழங்கு.
எதிர்க்கடைக்காரி அவனை எட்சன் என்று கூப்பிட்டாள்.

அதுவரைக்கும் நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.
அவனுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து,
எங்கள் வண்டியின் கதவு.

வெள்ளைப் பெயிண்ட் எத்தனையோ கதவுக்கு உண்டு.
ஆனால் கைப்பிடிக்குக் கீழே
என் மகன் வில்மர் ஏழு வயதில்
ஆணியால் கீறிய லாமா.
மூன்று கால்தான் போட்டிருந்தான்,
நாலாவதற்குள் முதுகில் அடி விழுந்துவிட்டது.
அந்த மூன்று காலில் அது நின்றுகொண்டிருந்தது.

ஆகஸ்டில் காணாமல் போன வண்டி.
போலீசில் எழுதிக் கொடுத்தோம்.
எழுதிக்கொண்டவர் கேட்டார்: வண்டியின் மதிப்பு என்ன?
ருபேன் வாய் திறக்கவில்லை.
பத்து வருடத் தவணை,
எங்கள் சரிவிலிருந்து மேலே சேஹா வரை
தினம் பதினாறு நடை,
மழைச் சேற்றில் பயணிகளோடு இறங்கித் தள்ளியது.
எதிலிருந்து கூட்டத் தொடங்குவான்?
நான்தான் வாய்க்கு வந்த தொகை ஒன்று சொன்னேன்.
அவர் அதை எழுதி அடிக்கோடு போட்டார்.

"அந்தக் கதவு என்ன விலை?"
வெங்காயத்தைக் கேட்பதுபோல் கேட்டேன்.
முந்நூறு.
துரு ஏறியிருக்கே.
இருநூற்றெண்பது, கஸேரா, உங்களுக்காக.
யாரோ கீறி வேறு வைத்திருக்கிறார்கள், பார்.
குனிந்தான். விரலால் தடவினான்.
"நாய்," என்றான்.
"நல்லாத்தான் போட்டிருக்கான்."
லாமா என்று சொல்லப் போன நாக்கைக்
கடைவாய்க்குள் மடக்கிக்கொண்டேன்.

கத்தியிருக்கலாம்.
தெருவையே கூட்டியிருக்கலாம்.
அவனும் எவனிடமோ விலை கேட்டுத்தான் வாங்கியிருப்பான்.
யாரிடம், எப்போது என்பதெல்லாம்
இந்தச் சந்தையில் வாய்விட்டுக் கேட்கிற கேள்விகள் இல்லை.
எவ்வளவு என்று மட்டும் கேட்கலாம்,
எத்தனை தடவை வேண்டுமானாலும்.

நூற்றெண்பதில் படிந்தது.
நோட்டுகளை எண்ணினான்,
மறுபடி வெயிலில் பிடித்து எண்ணினான்,
நான் ஏதோ கள்ளநோட்டுக்காரி மாதிரி.
"கொசுறு?" என்றேன்.
சிரித்துவிட்டான்.
டப்பாவைக் கிளறி
கண்ணாடி இறக்கும் கைப்பிடி ஒன்றைப் போட்டான்,
பச்சைக் குமிழ் வைத்தது.
எங்களுடையது கறுப்பு.
அது வேறு யார் வண்டியோ.

கதவைத் துணியில் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு
ரோப்கார் நிலையத்தில் நின்றேன்.
"கதவுக்குத் தனி டிக்கெட்டா? எவ்வளவு?"
கவுன்டர் பெண் பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள்.
சைக்கிள் இருந்தது. நாய் இருந்தது.
கதவைக் காணோம்.
போங்கள், என்றாள்.

எதிரே தொப்பிக்காரர் ஒருவர்
நகரம் பாதி தூரம் மேலே வருகிறவரை பொறுத்தார்.
"என்ன விலைக்கு முடிஞ்சது?"
"நூற்றைம்பது."
முப்பதை விழுங்கிச் சொல்வது பாவத்தில் சேராது.
"அதிகம்," என்றார்.

காலடியில் தகரக் கூரைகள், காயும் துணிகள்,
மாடியில் எங்களைப் பார்த்துக் குரைக்கிற ஒன்று.
கதவை முழங்காலுக்கு இடையில் நிறுத்தி
பச்சைக் குமிழை மாட்டிச் சுற்றினேன்.
கண்ணாடி இறங்கியது.
பாதியில் நின்றது,
எப்போதும் நிற்கிற இடத்தில்.

ருபேன் தட்டுகிற இடத்தில்
ஒரு தட்டுத் தட்டினேன்.
மீதியும் இறங்கியது.